பட்டாளத்துக் காயம்: சிகிச்சைக்கு எந்தப் பணம், எப்படி வாங்குவது?

பணியில் அடிபட்டோ நோய்வாய்ப்பட்டோ வெளியே வந்த படைவீரர்கள் சிகிச்சை எடுக்கும்போது கிடைக்கும் படிகள், மானியங்கள் பற்றிய கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில். பல கடிதங்களில் பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) எண்ணும் பட்டாளத்து எண்ணும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அனுப்பாதீர்கள், பதில் சொல்ல அவை தேவையில்லை, வெளியே போனால் ஆபத்து.

முழங்கால் ஜவ்வு கிழிந்ததற்கு ஓய்வின்போது கூடிய மருத்துவக் குழு, அதாவது ரிலீஸ் மெடிக்கல் போர்டு, 30 சதவீத ஊனம் என்று எழுதியது. 2009இல் முழுப் பணி முடித்து ஓய்வு. அந்த 30ஐ 50 ஆக்கிப் பணம் வாங்கலாம் என்கிறார் என்னோடு பணிபுரிந்தவர். உண்மையா? – முன்னாள் ஹவில்தார், வேலூர் மாவட்டம்

உண்மை. இதை 'பிராட் பேண்டிங்' என்பார்கள். போர்டு கொடுத்தது 50க்குக் கீழே என்றால் 50 ஆகவும், 50 முதல் 75 வரை என்றால் 75 ஆகவும், 76க்கு மேல் என்றால் 100 ஆகவும் வைத்துக் கணக்கிட வேண்டும். முதலில் 1.1.1996க்குப் பிறகு ஊனத்தால் இடையில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் என்று 31.1.2001 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதம் சொன்னது. உங்களைப்போல முழுப் பணி முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அது உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 10.12.2014 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

பணமாக எவ்வளவு? ஓய்வு ஊதியக் கணக்குக்கு எடுக்கும் கடைசிச் சம்பளம், அதாவது அடிப்படைச் சம்பளம், மிலிட்டரி சர்வீஸ் பே, எக்ஸ் குரூப் பே போன்றவை சேர்ந்து, 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 சதவீத ஊனத்துக்கு டிஸபிலிட்டி எலிமென்ட், அதாவது ஓய்வூதியத்தில் ஊனத்துக்கான பகுதி, அந்தச் சம்பளத்தில் 30 சதவீதம்: 12,000. 30 சதவீத ஊனத்துக்கு 3,600. அதையே 50 ஆக்கினால் 6,000. இதன்மேல் அகவிலை நிவாரணமும் ஏறும்.

முதலில் படைவீரர் ஓய்வூதிய இணையதளமான ஸ்பர்ஷில் உங்கள் பி.பி.ஓ.வைத் திறந்து, டிஸபிலிட்டி எலிமென்ட் என்ற வரி இருக்கிறதா, எத்தனை சதவீதத்துக்கு என்று பாருங்கள். அந்த வரியே இல்லையென்றால் சிக்கல் சதவீதத்தில் இல்லை. 'பணியால் விளைந்ததல்ல, பணியால் மோசமானதும் அல்ல' என்று போர்டு எழுதியிருக்கும். அதற்குத் தனி வழி. கடைசிக் கேள்வியில் வருகிறது. வரி இருந்து 30 என்றே நின்றால், உங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்குப் பதிவுத் தபாலில் கோரிக்கை அனுப்புங்கள். அங்கே மறுத்தால் ராணுவத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. அங்கே போகத் தாமதித்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். தர்சேம் சிங் வழக்கின் (2008) தீர்ப்பைக் காட்டி, நிலுவையை மனு போட்ட நாளுக்கு முந்தைய 3 ஆண்டோடு நிறுத்திவிடலாம். 2009இலிருந்து எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. இரண்டு ஊனங்களுக்கு 20, 20 என்று இருந்தால் கூட்டு மதிப்பீடு 40 ஆகிவிடாது. போர்டு தன் கணக்கில் அதைவிடக் குறைவாகவே போடும். இரண்டில் ஒன்று பணியோடு தொடர்பில்லை என்று எழுதப்பட்டால் மற்றதற்கு மட்டும்தான் பணம். 21.9.2023 அன்றோ அதன் பிறகோ ஓய்வு பெற்றவர்களுக்குப் புதிய 2023 விதிகள். மேலே சொன்ன கணக்கை அவர்கள் அப்படியே தங்களுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம்.

என் கணவருக்கு முதுகுத்தண்டில் அடி. 100 சதவீத ஊனம், சக்கர நாற்காலிதான். பணிவிடைக்கு ஆள் வைத்திருக்கிறோம். பக்கத்து ஊரில் ஒருவருக்கு 'அட்டெண்டன்ட் அலவன்ஸ்' வருகிறது, எங்களுக்கு வரவில்லை. படுக்கைப் புண்ணுக்காக அவர் ராணுவ மருத்துவமனையில் இரண்டு மாதம் இருந்தார். அந்தக் காலத்துக்கும் கேட்கலாமா? – ஒரு வாசகி, தேனி

அதன் பெயர் கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ். 1.7.2017 முதல் மாதம் 4,500 என்பது 6,750 ரூபாய் ஆயிற்று. அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொடும்போது 25 சதவீதம் கூடும் வகைப் படி இது. ஆனால் இதன்மேல் மாதாமாதம் அகவிலை நிவாரணம் ஏறாது. பாஸ்புக்கைப் பார்த்து 'டி.ஆர். (அகவிலை நிவாரணம்) விட்டுப்போச்சு' என்று புகார் எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

100 சதவீதம் என்று பி.பி.ஓ.வில் இருந்தாலே இது தானாக வந்துவிடாது. பலர் ஏமாறும் இடம் இதுதான். அன்றாடக் காரியங்களுக்கு இன்னொருவர் துணை தேவை, அந்தத் தேவை ஏற்றுக்கொள்ளப்பட்ட ஊனத்தால்தான் வந்தது என்று மெடிக்கல் போர்டு தனியாக எழுத வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்பதையும் குறிக்கும். பக்கவாதம் பின்னால் வேறு காரணத்தால் வந்தது, பட்டாளத்து ஊனம் கைவிரல்தான் என்றால் கிடைக்காது.

எனவே முதலில், ஊனத்துக்காக வெளியேற்றிய இன்வேலிடிங் போர்டின் நடவடிக்கைத் தாள், அதாவது ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 படிவத்தின் நகல், கையில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ரெக்கார்டு ஆபீஸில் கேளுங்கள். தாமதமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அதில் 'கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ட்' பற்றிய கேள்விக்கு எதிரே 'ஆம்' என்று இருந்தும் பணம் வரவில்லையென்றால் அது பி.பி.ஓ.வில் நேர்ந்த விடுபாடு. ரெக்கார்டு ஆபீஸ் வழியாகத் திருத்த பி.பி.ஓ. கேட்டால் போதும். 'இல்லை' என்றோ வெற்றாகவோ இருந்தால், நிலைமை மோசமாகிவிட்டது என்று காட்டி மறு மெடிக்கல் போர்டு கேட்க வேண்டும். போர்டு கூடும் நாளில் கணவரைத் தேய்த்து மடித்த சட்டையில் உட்காரவைத்து, 'எல்லாம் நல்லாத்தான் இருக்கார்' என்று மரியாதைக்குச் சொல்லிவிடாதீர்கள். சிறுநீர்க் குழாய் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள், இரவில் எத்தனை முறை புரட்டிப் படுக்கவைக்கிறீர்கள், மலம் கழிக்க யார் உதவுகிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதி எடுத்துப்போங்கள். டாக்டர் கேட்கும் கேள்விகள் அவைதான்.

மருத்துவமனையில் இருந்த இரண்டு மாதம்: அரசுச் செலவில் உள்நோயாளியாக இருக்கும் நாட்களுக்கு இந்தப் படி கிடையாது, பணிவிடையை மருத்துவமனையே பார்த்துக்கொள்கிறது என்பதால். அந்த நாட்களை மறைத்து வாங்கினால் பிறகு பிடித்தம் செய்வார்கள்.

வீட்டில் பார்க்க முடியாத நிலை வந்தால் புனே கிர்க்கியிலும் மொகாலியிலும் முதுகுத்தண்டு பாதித்த படைவீரர்களுக்கான பாராப்லெஜிக் மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. தூரம்தான். ஆனால் படுக்கைப் புண்ணைத் தடுக்கும் பழக்கங்களை அங்கே சொல்லிக்கொடுக்கும் அளவுக்குச் சாதாரண மருத்துவமனைகளில் பொறுமையாகச் சொல்லித்தர மாட்டார்கள்.

அப்பா முன்னாள் சுபேதார், இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டை உண்டு. நள்ளிரவில் மாரடைப்பு. பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அது இ.சி.எச்.எஸ். பட்டியலில் இல்லை. கட்டியது 3,40,000. எவ்வளவு திரும்பும்? – ஒரு வாசகர், திருநெல்வேலி

உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் சேரலாம், பணம் திரும்பும். ஆனால் மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்.ஸின் கட்டண அளவுக்குத்தான். அதற்கு மேல் மருத்துவமனை வாங்கிய வித்தியாசம் உங்கள் தலையில். இதய சிகிச்சையில் அந்த வித்தியாசம் பெரியதாகவே இருக்கும். பாதிக்குப் பாதி வந்தாலும் அதிர்ச்சியடைய வேண்டாம்.

சேர்த்த 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது விதி. போனில் சொன்னால் மட்டும் போதாது. மின்னஞ்சலோ, கையில் கொடுத்து முத்திரை வாங்கிய கடிதமோ வேண்டும். ஞாயிறு, விடுமுறை என்றால் மின்னஞ்சல்தான் நல்லது, நேரம் அதிலேயே பதிவாகும். நோயாளியின் பெயர், அட்டை எண், மருத்துவமனை, சேர்த்த நேரம், டாக்டர் சொன்ன நோய் என்று ஐந்து வரி போதும்.

கேட்புக் கோப்பில் வைக்க வேண்டியவை: அட்டை நகல், தகவல் சொன்ன கடிதத்தின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, அவசரச் சான்று, எல்லா ரசீதுகளும் அசலில், பரிசோதனை அறிக்கைகள், ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கரும் விலைச்சீட்டும், ரத்து செய்த காசோலை. பெரும்பாலும் திரும்பி வருவது இரண்டு காரணத்தால். ஒன்று, டிஸ்சார்ஜ் சம்மரியில் 'அவசர நிலையில் அனுமதி' என்று எழுதாமல் விட்டது. 'நெஞ்சுவலிக்காக வந்தார்' என்று மட்டும் இருந்தால் அதைத் திட்டமிட்ட சேர்க்கை என்று தள்ளலாம். வெளியே வரும் முன்பே டாக்டரிடம் சொல்லி எழுதி வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்துப் போனால் அவர் இடம் மாறியிருப்பார். இரண்டாவது, 'மருந்து – 82,000' என்று ஒரே வரியில் போட்ட பில். மருந்து வாரியாக, தேதி வாரியாகப் பிரித்த பில் கேளுங்கள்.

அசலை ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு தாளையும் நகல் எடுத்து, பக்க எண் போட்டு, பாலிகிளினிக்கில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அவசரமில்லாத அறுவை சிகிச்சையைப் பட்டியலில் இல்லாத இடத்தில் செய்துவிட்டுக் கேட்டால் ஒன்றும் வராது. அதற்கு முறை பாலிகிளினிக், அங்கிருந்து ரெஃபரல், பிறகு பட்டியல் மருத்துவமனையில் பணமில்லாச் சிகிச்சை. ரெஃபரல் சீட்டில் காலாவதித் தேதி உண்டு, பாருங்கள். வார்டும் ரேங்க்படிதான்: ஹவில்தார் வரை பொது வார்டு, நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை இருவர் அறை, அதிகாரிகளுக்குத் தனியறை. உங்கள் அப்பாவுக்கு இருவர் அறை. தனியறை எடுத்திருந்தால் அந்த வித்தியாசத்தையும் கழிப்பார்கள். அறை உயர்ந்தால் பல மருத்துவமனைகளில் டாக்டர் கட்டணமும் சேர்ந்து உயர்கிறது என்பதால், கழிவு அறை வாடகையோடு நிற்காது.

மாதம் 1,000 ரூபாய் மருத்துவப் படி எனக்கு வரவில்லை. 2011இல் ஓய்வு. – முன்னாள் நாயக், தர்மபுரி

வராது. 1.7.2017 முதல் 1,000 ரூபாயான அந்த நிலையான மருத்துவப் படி, 1.4.2003க்கு முன் ஓய்வு பெற்று இ.சி.எச்.எஸ்.ஸில் சேராதவர்களுக்கு. அதன்பின் ஓய்வு பெற்றவர்களுக்கு இ.சி.எச்.எஸ். கட்டாயம், இரண்டும் சேர்ந்து கிடையாது. பாலிகிளினிக்கில் மருந்து இல்லையென்றால் 'இருப்பில் இல்லை' என்ற முத்திரையைச் சீட்டில் வாங்கிக்கொண்டு வெளியே வாங்குங்கள். முத்திரை இல்லாத பில்லுக்குப் பணம் இல்லை.

காஷ்மீரில் ரோந்தின்போது கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. போர்டு 70 சதவீதம் என்றது, வெளியேற்றினார்கள். செயற்கைக் கால் இரண்டாண்டாகப் பொருந்தவில்லை, தனியாரில் பல லட்சம் கேட்கிறார்கள். என் பி.பி.ஓ.வில் 'டிஸபிலிட்டி எலிமென்ட்' என்றே இருக்கிறது. – முன்னாள் சிப்பாய், ராமநாதபுரம்

காலை விட முதலில் பி.பி.ஓ.வைப் பார்ப்போம், அங்கேதான் பெரிய இழப்பு நடக்கிறது. முதல் பதிலில் சொன்ன 2001 கடிதம் ஊனத்தின் காரணங்களை ஏ முதல் ஈ வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. ஐந்தாவதான ஈ வகையில் போர், போர் போன்ற நடவடிக்கைகள் அடங்கும். அதில் வந்தால் உங்களுக்குரியது போர்க் காயத்துக்கான 'வார் இஞ்சுரி எலிமென்ட்'. ஊனத்தால் வெளியேற்றப்பட்டவருக்கு 100 சதவீதம் என்றால் கடைசிச் சம்பளம் முழுவதும் அந்தத் தொகை. சம்பளம் 40,000 என்றே வைப்போம். உங்கள் 70 என்பது 75 ஆகிறது. டிஸபிலிட்டி எலிமென்டாக 9,000. வார் இஞ்சுரி எலிமென்டாக 30,000. இரண்டிலும் பணிக்கான பகுதியான சர்வீஸ் எலிமென்ட் 20,000 தனி.

எந்த வகை என்பதை முடிவு செய்வது அன்று யூனிட் அனுப்பிய காயச் செய்தியும், அதையொட்டி யூனிட் பதிவுக்காக வெளியிட்ட பார்ட் டூ ஆர்டரும். அதில் 'பேட்டில் கேஷுவால்டி' (போர்க் காயம்) என்று இருக்கிறதா, 'பிசிகல் கேஷுவால்டி' (மற்றக் காயம்) என்று இருக்கிறதா? முதலாவது என்றால் பி.பி.ஓ. திருத்தம் கேளுங்கள். இரண்டாவது என்றால், விசாரணை அறிக்கை, நடவடிக்கையின் பெயர், அன்றைய ரோந்து உத்தரவு இவற்றைக் காட்டி வகைப்பாட்டை மாற்றக் கேட்க வேண்டும். பி.பி.ஓ. திருத்தம் அதற்கு அப்புறம்தான். வரிசையை மாற்றிப் போட்டால் கோப்பு வட்டமடிக்கும்.

கால்: புனேயில் 1944 முதல் இயங்கும் ராணுவச் செயற்கை உறுப்பு மையத்துக்கு ராணுவ மருத்துவமனை அல்லது பாலிகிளினிக் வழியாக ரெஃபரல் வாங்குங்கள். காலை வெட்டிய முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் மிஞ்சிய காலின் தண்டுப்பகுதி சதை வற்றிச் சுருங்கும். அப்போது எடுத்த அச்சில் செய்த கிண்ணம், அதாவது காலின் தண்டு உள்ளே பொருந்தும் பகுதி, பிறகு தளர்ந்து ஆடும், தோல் உரியும். முழுக் காலையும் மாற்றத் தேவையில்லாமல் கிண்ணத்தை மட்டும் புதிதாகச் செய்தாலே பல நேரம் தீரும். அதைக் கேட்காமல் தனியாரில் முழுத் தொகுப்பையும் வாங்க வேண்டாம். அச்சு எடுக்கப் போகும்போது புண் ஆறியிருக்க வேண்டும். புண்ணோடு போனால் திருப்பி அனுப்புவார்கள்.

பயணச் செலவுக்கு: துணையின்றிப் பயணிக்க இயலாத கை கால் ஊனமுற்றோருக்கும் உடன் வரும் ஒருவருக்கும் ரயிலில் இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி.யில் 75 சதவீதம், இரண்டடுக்கு ஏ.சி.யில் 50 சதவீதம் சலுகை உண்டு. ரயில்வேயின் மாற்றுத்திறனாளி அட்டை வேண்டும். ராணுவ போர்டு கொடுத்த சதவீதத்தைக் காட்டி இதை வாங்க முடியாது. அரசு மருத்துவமனைச் சான்றும், மாற்றுத்திறனாளிக்கான தேசிய அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி.யும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 40 சதவீதம்தான் பல சலுகைகளுக்கு எல்லை; ஊன ஓய்வூதியத்துக்கு ராணுவம் வைக்கும் 20 அல்ல.

7 ஆண்டு பணிக்குப் பிறகு 1985இல் சொந்தக் காரணத்தால் வெளியே வந்தேன். பென்ஷன் இல்லை. இப்போது சிறுநீரகம் பழுதாகி வாரம் இருமுறை டயாலிசிஸ். வயது 66. – முன்னாள் லான்ஸ் நாயக், விருதுநகர்

இ.சி.எச்.எஸ். பென்ஷன்தாரருக்கு, உங்களுக்கு வராது. முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டின் மருத்துவ மானியம் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இருக்கிறது. பென்ஷன் இல்லாத, ஹவில்தார் ரேங்க் வரை உள்ளவர்களுக்குச் சாதாரணச் சிகிச்சைக்கு 50,000 ரூபாய் வரை. கடும் நோய்களுக்கு எல்லா ரேங்குக்கும் 1,50,000 வரை. டயாலிசிஸ் கடும் நோய்ப் பட்டியலில் ஆண்டு உச்சவரம்போடு வருகிறது, ஆகவே ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பம். அவர்களுடைய இணையதளத்தில் பதிந்து, டிஸ்சார்ஜ் புக், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, டாக்டர் கையெழுத்திட்ட பில்கள், வங்கி பாஸ்புக் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் பரிந்துரைத்தால்தான் மேலே போகும். பில்லில் உள்ள பெயரும் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நம் ஊர் இனிஷியல்தான் அடிக்கடி வம்பு செய்யும்.

65 கடந்து பென்ஷன் இல்லாதவர்களுக்கான வறுமை உதவி மாதம் 4,000இலிருந்து 8,000 ஆகியிருக்கிறது, 1.11.2025 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு. உங்களுக்கு வயதும் ரேங்கும் பொருந்துகின்றன, அதையும் போடுங்கள்.

இவை கைக்கு வர மாதங்கள் ஆகும். டயாலிசிஸ் காத்திருக்காது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. டயாலிசிஸை அதில் ஓட்டிக்கொண்டு, அதில் அடங்காத மருந்து, ஊசிச் செலவுக்கு மானியத்தைக் கேளுங்கள். ஒரே பில்லை இரண்டு இடத்தில் காட்டக் கூடாது.

என் மகன் அக்னிவீர். பயிற்சியில் அடிபட்டு ஊனமாகிவிட்டால் என்ன? – ஒரு தாய், மதுரை

பென்ஷன் இல்லை. பணியால் வந்தது என்று போர்டு ஏற்றால், ஊனம் 100, 75, 50 சதவீதத்துக்கு முறையே 44 லட்சம், 25 லட்சம், 15 லட்சம் ஒருமுறைத் தொகை. மீதமுள்ள பணிக்காலத்தின் சம்பளமும், பணி முடிவில் தரும் தொகையான சேவா நிதியும் சேரும். ஆகவே அடிபட்ட அன்றே காய அறிக்கை பதிவாவது முக்கியம். வலியைப் பொறுத்துக்கொண்டு லீவில் வந்து உள்ளூர் வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொண்டால், பணியில் பட்டது என்பதற்குத் தாள் இல்லாமல் போகும். மகனிடம் சொல்லிவையுங்கள்.

ஊன ஓய்வூதியத்துக்கு வருமான வரி உண்டா? – கோயம்புத்தூர்

ஊனத்தால் இடையில் வெளியேற்றப்பட்டவருக்குச் சர்வீஸ் எலிமென்ட், டிஸபிலிட்டி எலிமென்ட் இரண்டுக்குமே வரி இல்லை. முழுப் பணி முடித்து ஓய்வு பெற்றவருக்கு இந்த விலக்கு பொருந்தாது என்று 24.6.2019 தேதியிட்ட 13/2019 சுற்றறிக்கை சொல்கிறது. நீங்கள் எந்த வகை என்று எழுதவில்லை. டிஸ்சார்ஜ் புக்கில் வெளியேறிய காரணம் எழுதியிருக்கும் வரியை ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

9 ஆண்டு பணிக்குப் பிறகு மனநோய் என்று 2016இல் வெளியேற்றினார்கள். 'பணிக்குத் தொடர்பில்லை' என்று எழுதி ஊன ஓய்வூதியம் மறுத்தார்கள். அண்ணன் இப்போதும் மாத்திரையில் இருக்கிறார். இனி வழியுண்டா? – ஒரு வாசகர், கடலூர்

உண்டு. மறுப்புக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் மறுக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் இரண்டாவது என்பது முறை. காலம் கடந்துவிட்டதால் தாமதத்துக்குக் காரணம் எழுதி மேல்முறையீடு போடுங்கள். மனநோயும் தொடர் சிகிச்சையும் நல்ல காரணங்களே. அதன்பின் சென்னை அமர்வு.

வாதத்துக்கு ஆதாரம் தரம்வீர் சிங் வழக்கு (2013). சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் அந்த நோய் குறிக்கப்படவில்லையென்றால், ஆள் நலமாகச் சேர்ந்தார், நோய் பணியில் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. 'பணிக்குத் தொடர்பில்லை' என்ற ஒற்றை வரி போதாது, காரணம் எழுத வேண்டும். ஊன ஓய்வூதியத்துக்கு எல்லையான 20 சதவீதத்துக்குக் கீழே போர்டு போட்டிருந்தால் அதற்கு சுக்விந்தர் சிங் வழக்கு (2014) இருக்கிறது: ஊனத்துக்காக வெளியேற்றினாலே அது 20க்கு மேல் என்று கொள்ள வேண்டும். ஆகவே கையில் வேண்டியவை இரண்டு தாள்கள்: சேர்க்கை மருத்துவப் படிவம், வெளியேற்றிய போர்டின் முழு நடவடிக்கை. நோய் முதலில் தெரிந்தபோது எந்த இடத்தில் பணி, முந்தைய இரண்டாண்டு எங்கே என்ற போஸ்டிங் விவரமும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வென்றால் பலன் மாதப் பணத்தோடு முடியாது. சர்வீஸ் எலிமென்டுக்குக் குறைந்தபட்சப் பணிக்காலம் தேவையில்லை என்பதால் 9 ஆண்டே போதும். பென்ஷன்தாரர் ஆனதும் இ.சி.எச்.எஸ்.ஸில் சேர்ந்து மாத்திரையும் மருத்துவமனையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். 10 ஆண்டுக்குக் குறைந்த பணிக்கும் இன்வேலிட் பென்ஷன் என்று 2020இல் வந்த ஆணையை நம்பி இருந்துவிட வேண்டாம். அது 4.1.2019 அன்றோ அதன் பிறகோ பணியில் இருந்தவர்களுக்கு. உங்கள் அண்ணன் வெளியே வந்தது 2016இல்.